மூன்று புள்ளி போட்ட சட்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் சட்டைக் காலரின் உள்பக்கம் போடுகிற குறிகள்தான். படித்தவர்கள் பேச வேண்டிய விஷயத்தில் ஒரு இஸ்திரிக்காரன் பேனாவைத் தூக்கிக்கொண்டு வருவது அதிகப்பிரசங்கித்தனம். எனக்கே தெரிகிறது.

போன மாதம் எங்கள் பக்கத்துக் கல்லூரியில், மாணவர்கள் குடிப்பதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், டீக்கடை பாய், நான் என்று சுற்றுவட்டத்தில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் கேட்டில் ஊதிப் பார்க்கிற மிஷின் வைக்கலாம் என்றார். இன்னொருவர் பிடிபட்டவனுக்கு உடனே டி.சி. கொடுத்தால் மற்றவன் பயப்படுவான் என்றார். மைக் என் கைக்கு வந்தது. எழுந்து நின்றேன். நின்றதோடு சரி, ஒரு வார்த்தை வரவில்லை. பாய்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"இன்னாபா, வாயில கொழுக்கட்டையா?" என்றார் காதருகில்.

வெளியே வரும்போது கூட்டத்தை நடத்திய மேடம், "பேச வரலைன்னா எழுதிக் குடுங்கண்ணா" என்றார்கள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் எழுதக் கூசியதை எல்லாம் இதில் எழுதியிருக்கிறேன்.

என் இஸ்திரி வண்டி காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர் போகிற சாலையில், ஒரு புங்கமரத்தடியில் பதினெட்டு வருடமாக நிற்கிறது. எதிரே மூன்று மாடிக் கட்டடம். முழுக்க மாணவர்கள், ஒரு ரூமுக்கு இரண்டு பேர், மூன்று பேர். கல்லூரியில் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு வர வேண்டும் என்று விதி. கசங்கிய சட்டையோடு போனால் கேட்டிலேயே நிறுத்துவார்கள். அந்த விதியால்தான் என் அடுப்பு எரிகிறது. வீட்டில் என் மனைவி, கடைகளிலிருந்து வரும் பட்டுச் சேலைகளை உருளையில் விட்டுச் சுருக்கம் எடுத்து, ரோலிங் போட்டுக் கொடுக்கிறாள். பட்டு அவள் பக்கம், பருத்தி என் பக்கம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், யாரிடமும் பெயர் கேட்கமாட்டேன். கூச்சம். முதல் நாள் கேட்காமல் விட்டால் மறுநாள் கேட்க இன்னும் கூச்சமாகிவிடும். அதனால் புதிதாக ஒருவன் துணி கொண்டுவந்தால் ஒரு குறி கொடுத்துவிடுவேன். ஒருவனுக்கு வட்டம், ஒருவனுக்கு இரண்டு கோடு. மூன்று வருடம், நான்கு வருடம் அந்தக் குறிதான் அவன் பெயர். படிப்பு முடிந்து போகும்போது சொல்லிவிட்டுப் போவான். அவன் நிஜப் பெயர் எனக்குத் தெரியாமலே போய்விடுவான்.

நான் சொல்லப் போகிற இரண்டு பேரும் மாடியில் ஒரே ரூமில் இருந்தவர்கள். ஒருவன் மூன்று புள்ளி. ஆற்காடு பக்கம், அப்பா கொத்தனார். குனிந்த தலை நிமிராமல் மூட்டையை வைத்துவிட்டுப் போவான். என்னைப் போலவே கூச்சக்காரன். அதனாலேயே அவனோடு நான் அதிகம் பேசியதில்லை. இன்னொருவன் கூட்டல் குறி. அவனுக்கு எல்லாரும் வேண்டும். "அண்ணா, இன்னிக்கு என்ன, மூஞ்சில மழை வர மாதிரி இருக்குது?" என்பான். பாயிடம், "பாய், உங்க டீல பாலைக் காட்டியாவது குடுங்க" என்பான். பாய் திட்டிக்கொண்டே ஒரு பட்டர் பிஸ்கட் சும்மா கொடுப்பார்.

துணி தேய்க்கிறவனுக்குச் சில விஷயம் தெரியாமல் இருக்காது. பையன்கள் துணியை வாளியில் ஊறவைத்து, இரண்டு முக்கு முக்கி, கொடியில் போட்டுவிடுவார்கள். காய்ந்தால் ஒன்றும் தெரியாது. நான் தண்ணீர் தெளித்துச் சூடான பெட்டியை வைத்ததும், ஆவியோடு சேர்ந்து உள்ளே இருப்பது எழும்பும். சிலதில் சிகரெட். சிலதில் பிரியாணி. சிலதில் அந்தப் புளித்த வாடை. வாந்தி எடுத்த சட்டையை எத்தனை தடவை அலசினாலும், பட்டன் பட்டியின் மடிப்பில் அது கொஞ்சம் தங்கிவிடும்.

ஆரம்பத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போடும். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. முன்பெல்லாம் செமஸ்டர் முடிந்தால் ஒரு சட்டை, யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு சட்டை. இந்த நாலைந்து வருடமாக வாரத்துக்கு ஐந்தாறு. நான் இன்னொன்றும் செய்தேன். தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் துணிக்கு வாசனை போடுகிற திரவம் அரை மூடி ஊற்றி வைத்தேன். வாடை அடங்கிவிடும். பையன் மடிப்பு கலையாமல், மணக்க மணக்க வகுப்பில் போய் உட்காருவான். வாத்தியாருக்குத் தெரியாது. ஊரிலிருந்து பார்க்க வரும் அம்மாவுக்கும் தெரியாது. உதவி என்று நினைத்துத்தான் செய்தேன்.

போன வருடம் தீபாவளி முடிந்ததிலிருந்து மூன்று புள்ளி சட்டையில் அந்த வாடை வர ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒன்று. பொங்கலுக்குப் பிறகு வாரத்துக்கு மூன்று. ஒரு நீலக் கோடு போட்ட சட்டை, ஒரு வெளிர்மஞ்சள், ஒரு வெள்ளை. வெள்ளையில் பாக்கெட்டுக்குக் கீழே காவி நிறத்தில் ஒரு கறை போகாமலே இருந்தது. கூட்டல் குறியின் சட்டைகள் எப்போதும் சுத்தம். அந்தக் கலகலப்பான பையன் கெட்டுப்போகவில்லை, இந்த ஊமைக்கோட்டான்தான் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கூச்சக்காரர்கள்தான் ஒளிந்து குடிப்பார்கள் என்று ஒரு எண்ணம். நானும் அந்த ஜாதிதான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி சேலையை உருளையில் விட்டுக்கொண்டே, "பெத்தவங்க வந்தா சொல்லு. இல்லன்னா வாயை மூடிக்கினு தேய். ரெண்டுல ஒண்ணு பண்ணு. நீ பொரண்டு பொரண்டு படுத்துக்கினு என் தூக்கத்தைக் கெடுக்காத" என்றாள்.

"அந்தப் பையனையே கேட்டுப் பாக்கலாமா?"

"நீயா? நீ கேட்டுட்டாலும்!"

அவள் சிரித்தது சரிதான். அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தீபாவளியிலிருந்து தினமும் நேருக்கு நேர் நின்றவனிடம், "உடம்பு சரியில்லையாபா?" என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவனுடைய அப்பா வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் முறுக்கு. சுண்ணாம்பு வெடித்த கைகள். மகன் கீழே இறங்கி வந்து, அப்பாவை மரநிழலில் நிற்கவைத்துவிட்டு டீ வாங்கப் போனான். அவர் என் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"எம்புள்ளை துணியும் இங்கதான் குடுக்கிறானாமே. எப்பிடிபா இருக்கான்? ஒழுங்கா இருக்கானா?"

சும்மா கேட்கிற கேள்வி. 'நல்லா இருக்கான்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் காதெல்லாம் சூடானது. எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"குடிக்கிறாங்க" என்றேன்.

"யாரு?"

"உங்க பையன். ரொம்ப நாளா."

"நீ பாத்தியா?"

"சட்டைல தெரியுது."

அன்று காலை தேய்க்க எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் தெளித்து ஒரு இழுப்பு இழுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அன்றைக்கென்று பாட்டிலில் வாசனைத் திரவம் ஊற்றியிருக்கவில்லை. அவர் மோந்து பார்த்தார். அவர் முகம் அப்படியே இறங்கியது.

மகன் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தான்.

"இது யாரு சட்டைடா?"

அவன் காலரைப் பார்த்தான். "என்துதான்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"என்துதான்."

அறை விழுந்தது. கிளாஸ் இரண்டும் கீழே விழுந்து உடைந்தன. இரண்டாவது அறையும் விழுந்தது. பையன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தான். அங்கே ஜன்னல் சாத்தியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவன் ஏதோ கணக்குப் போடுகிறவன் மாதிரி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் குடிச்சு நாசமானது போதாதா? படிக்க அனுப்புனா இந்தப் படிப்பாடா படிக்கிற? எட்றா பெட்டிய. என்னோட வந்து மண்ணு தூக்கு!"

மதிய பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிளம்பும்போது பையன் என்னிடம் வந்து, "தேய்க்கக் குடுத்த மீதி சட்டையை எல்லாம் ரூம்ல குடுத்துடுங்கண்ணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அன்று நான் பெருமையாக வீட்டுக்குப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பாய் உடைந்த கிளாஸைப் பெருக்கிக்கொண்டே, "பதினெட்டு வருசத்துல இன்னிக்குத்தான்பா உன் குரலைக் கேட்டேன். ஒரு புள்ளையைக் காப்பாத்திட்ட" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் கூட்டல் குறி இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது. "அவனை ஏண்ணா இழுத்துக்கினு போயிட்டாங்க? போனை எடுக்க மாட்றான்."

"குடிச்சா அப்பிடித்தான்" என்றேன். முதல் தடவையாக ஒரு மாணவனிடம் பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். "நீயாவது ஒழுங்கா இரு."

"அவனா குடிச்சான்?" என்றான். சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ ஐயம்பேட்டை ஐயம்பேட்டை என்று கூவிக்கொண்டு போனது. அது திரும்புகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினான்.

அதற்குப் பிறகு அவன் கிண்டல் குறைந்தது. துணி கொண்டுவருவதும் குறைந்தது. நண்பன் போன வருத்தம் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் வைத்துவிட்டுப் போன மூட்டையைப் பிரித்தேன். ஒரு பேன்ட், கூட்டல் குறி. ஒரு சட்டை, கூட்டல் குறி. அடுத்தது நீலக் கோடு போட்ட சட்டை. தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தேன். அந்த வாடை குப்பென்று எழும்பியது. காலரைத் திருப்பினேன். மூன்று புள்ளி.

சட்டையின் சொந்தக்காரன் ஊருக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

பெட்டியைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே ரூம், ஒரே கொடி. எந்தச் சட்டையை எவன் மாட்டிக்கொண்டு போனான் என்று காலருக்கு எப்படித் தெரியும்? எந்தத் துணி யாருடையது என்பதற்காகத்தான் குறி. அதை உடுத்தியவன் யார் என்று அதில் இல்லை. பதினெட்டு வருடமாகக் குறி போடுகிற எனக்கு இது தெரியவில்லை.

அப்போதே மாடி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. துணி வாங்க வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று என் கூச்சம் எனக்குச் சமாதானம் சொன்னது. அன்று மாலை அவன் வரவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லாரும் கல்லூரிக்குப் போனார்கள். அவன் மட்டும் இறங்கவில்லை. பத்து மணி வரை மாடியைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். ஒரு பேன்ட்டில் இரண்டு மடிப்பு விழுந்துவிட்டது. பதினோரு மணிக்கு அவன் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். கையில் துணி இருந்தால்தான் எனக்குப் படி ஏற முடியும். அந்தக் கட்டடத்துக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தே இருந்தது. கோரைப்பாயில் மல்லாந்து கிடந்தான். வாயோரத்தில் வாந்தி. மூச்சு கர்ரென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. உதடு நாவல்பழம் தின்றவன் மாதிரி இருந்தது. உலுக்கினேன். கன்னத்தில் தட்டினேன். கண் திறக்கவில்லை. எப்படிக் கத்தினேனோ தெரியாது, சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து பாய் ஓடி வந்தார்.

"மல்லாக்க வுடாதபா! ஒருக்களிச்சுப் படுக்க வை, மூச்சுல ஏறிக்கும்!"

இரண்டு பேரும் சேர்ந்து புரட்டினோம். பாய் விரலால் வாயைத் துடைத்து எடுத்தார். நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன். அவன் போட்டிருந்த வெளிர்மஞ்சள் சட்டையின் காலர் மடங்கி என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் என் கையால் நான் போட்ட மூன்று புள்ளி.

ஆம்புலன்ஸ் வந்தது. காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் சிரமம் என்றார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற அவன் அம்மா வந்து சேர ஒரு நாள் ஆனது. அதுவரை நான்தான் இருந்தேன். வண்டியைப் பாய் பார்த்துக்கொண்டார். 'பார்த்துக்கொண்டார்' என்றால் அதன் மேல் டீ கிளாஸ் அடுக்கினார்.

அங்கே குடி நோயாளிகளிடம் பேசுகிற ஒரு மேடம் இருந்தார்கள். அந்தப் பையன் கண்ணைத் திறந்து ஒரு நாள் கழித்து, கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். பையன், "அண்ணா இருக்கட்டும்" என்றான்.

அந்த மேடம் திட்டவில்லை. பெற்றோரை நினைத்துப் பார் என்றும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தவனைக் கேட்கிற மாதிரி கேட்டார்கள்.

"தினமும் எவ்ளோபா?"

"மொதல்ல சனிக்கிழமை மட்டும் மேடம். அப்புறம் தினமும் ஒரு குவார்ட்டர். இப்ப ரெண்டு."

"காலைல எழுந்தா கை நடுங்குதா?"

"நடுங்கும். கொஞ்சம் ஊத்திக்கினாத்தான் நிக்கும். அப்புறம்தான் பாயாண்ட போய் டீ குடிப்பேன்."

பாயிடம் பால் கிண்டல் செய்வதெல்லாம் அந்தக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டதற்குப் பிறகுதான் என்று அப்போது தெரிந்தது.

"யாராச்சும் இப்பிடி உன்னைக் கேட்டிருக்காங்களா?"

அவன் யோசித்தான். "இல்ல மேடம். அட்வைஸ்தான் பண்ணியிருக்காங்க. அண்ணாகூட ஒரு தடவை பண்ணாரு."

நான் தரையைப் பார்த்தேன்.

மேடம் போன பிறகு நானே கேட்டேன். கேட்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது. "ஏன்பா அவன் சட்டையை மாட்டிக்கினு போற?"

"என் சட்டை கிளாஸுக்கு வேணும்லண்ணா. சாயங்காலம் போறப்ப கொடியில அவனுது எது முன்னால தொங்குதோ அதை மாட்டுவேன். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"அவன் குடிப்பானா?"

"அவனா? தொடவே மாட்டான்ணா. அவங்கப்பா குடிச்சு வீட்டுல நடந்ததெல்லாம் பாத்தவன். நான் வாந்தி எடுத்தா சட்டையைக் கழட்டி அலசிப் போடுவான். என்னை ஒருக்களிச்சுப் படுக்கவச்சு, முதுகுக்குப் பின்னால காலேஜ் பேக்கை முட்டுக் குடுத்துட்டுத்தான் படுப்பான். அவன் இருந்தவரைக்கும் நான் ஒரு நாளும் மல்லாக்கப் படுத்ததில்ல."

"அப்ப மறுநாள் உன்னாண்ட நான் அவனைச் சொன்னப்ப நீ ஏன் பேசாம இருந்த?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சொன்னா என் சீட்டு கிழிஞ்சிடும். அப்புறம்… அவன் போனது கொஞ்சம் சௌகரியமா இருந்துச்சுண்ணா. கேக்க ஆள் இல்ல" என்றான். சொல்லிவிட்டு அழுதான். நான் அவனுடைய போர்வையை இழுத்து மடிப்பு எடுத்துவிட்டேன். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த மேடம் எனக்கும் சில விஷயம் சொன்னார்கள். தினமும் குடிக்கிறவனை ரூமில் பூட்டி, 'இன்றோடு விட்டுவிடு' என்று சொல்லக்கூடாதாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் கூட்டிவர வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவனைத் தூங்கட்டும் என்று விட்டுவிடக்கூடாது. வாசனைத் தண்ணீர் விஷயத்தை அவர்களிடம் சொன்னேன். "அது தப்பான உதவிண்ணா" என்றார்கள், மெதுவாக. அன்று வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கழுவி வெறும் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

இவன் பிழைத்துவிட்டான். அவன்? இந்தக் கேள்விதான் என்னை உட்காரவிடவில்லை. மூன்று வாரம் வகுப்புக்கு வராதவனுக்கு வருகைப்பதிவு குறைந்து போயிருக்கும், திங்கட்கிழமைக்குள் அப்பாவே நேரில் வந்து கடிதம் கொடுத்தால் ஒருவேளை பரீட்சை எழுத விடுவார்கள் என்று வட்டக்குறிப் பையன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்காடு பஸ் ஏறினேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் 'ஹலோ'வுக்கு மேல் தாண்டமாட்டேன். பஸ் ஆற்காடு போகிறவரை, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர்கள் ஒரு புது வீட்டுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்பா சாரத்தின் மேல். கீழே மகன் மணல் சலித்துக்கொண்டிருந்தான். கறுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து முதலில் கேட்டது, "அண்ணா, அவன் எப்பிடி இருக்கான்?"

பஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்த பேச்செல்லாம் போய்விட்டது. பையில் இருந்து அந்த வெளிர்மஞ்சள் சட்டையை எடுத்தேன். துவைத்துத் தேய்த்திருந்தேன். அப்பா சாரத்திலிருந்து இறங்கி வந்தார். அவரிடம் நீட்டி, "இது உங்க பையனுதுதான். ஆனா போட்டது உங்க பையன் இல்ல" என்றேன். "நான் தப்பா சொல்லிட்டேன்." பிறகு நடந்ததைச் சொன்னேன். முன்னும் பின்னுமாகத்தான் சொன்னேன். நான் விட்ட இடத்தில் மகன் மெதுவாக எடுத்துக் கொடுத்தான்.

அவர் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். கழுவிய கையையே மறுபடியும் கழுவினார்.

"பதினோரு வருசமா நான் தொடறதில்ல. அந்த வாசனை எனக்குத் தெரியும். மோந்தேன், சரியாத்தான் மோந்தேன்" என்றார். "ஆளைத்தான் தப்பா அடிச்சுட்டேன்."

மகனிடம் திரும்பினார். "ஏன்டா, ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அவனைக் காலேஜ்ல இருந்து தூக்கிடுவாங்கபா. தெரிஞ்சா டி.சி.தான். அதான் யாரும் யாரைப் பத்தியும் சொல்ல மாட்டோம்."

"அதுக்கு நீ அடி வாங்குவியா?"

"அடி ரெண்டுதானேபா."

சாரத்தில் இருந்த இன்னொரு கொத்தனார், "இன்னாபா, கலவை காயுது" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். "காயட்டும்" என்றார் இவர்.

என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர், "சாப்டியா?" என்றுதான் கேட்டார். மூன்று பேரும் மணல் குவியல் ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் கொண்டுவந்திருந்த தக்காளி சாதத்தைப் பகிர்ந்து சாப்பிட்டோம். மகன் அங்கே ஆஸ்பத்திரியில் என்ன சாப்பாடு கொடுக்கிறார்கள், கை நடுக்கம் நின்றுவிட்டதா, போர்வை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பஸ் ஏற்றிவிடும்போது அப்பா, "காலைல கூட்டிக்கினு வரேன்" என்றார். "அவனை நீ பாத்துக்க. அந்த இன்னொருத்தனையும். எதுவா இருந்தாலும் மொதல்ல அவனுங்களையே கேளு. அப்புறம் என்னாண்ட சொல்லு."

அந்தக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் சொல்ல நினைத்ததும் இவ்வளவுதான். ஊதுகிற மிஷின் வைத்தால் வாசனைதான் தெரியும். டி.சி. கொடுப்போம் என்றால், பேக்கை முட்டுக் கொடுக்கிறவன் கதவைச் சாத்திக்கொள்வான். தெரிந்தால் சீட்டு போகாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால், தீபாவளி முடிந்த அந்த வாரமே வந்து யாரிடமாவது சொல்லியிருப்பான். என்னிடம்கூடச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆற்காடு போய்வந்த மறுநாள் திங்கட்கிழமை. அப்பாவும் மகனும் ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்கி, கடிதத்தோடு கல்லூரி ஆபீசுக்குப் போனார்கள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன், பேசவில்லை. வருகைப்பதிவு ரொம்பக் குறைவு, இந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது, அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து படிக்கலாம் என்று சொன்னார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். மகன் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், சாயங்காலம் வரை இருந்தான். மழை தூறியதால் கரி சரியாகப் பிடிக்கவில்லை. பதினோரு துணி தேய்த்தேன்.